தூண்டிற்கோலில் வளையம் அமைத்தல்

(மாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மீன் பிடிக்கும் வித்தையைப் பற்றி நான் பேசப் போகிறேன் என்று அழைப்பிதழில் அச்சிட்டுவிட்டார்கள். அதை நம்பி வந்தவர்களிடம் முதலிலேயே க்ஷமை கேட்டுக்கொள்வது முறை. ஏனென்றால் நான் எடுத்துக்கொண்ட விஷயம், மீனுக்கும் மீன் பிடிப்பவனுடைய கைக்கும் நடுவே நீண்டு கிடக்கிற ஏழடிக் கோலில், நூல் ஓடுவதற்காகக் கட்டப்படும் எட்டு ஒன்பது சிறு வளையங்களை எந்தெந்த இடத்தில் கட்டுவது என்கிற ஒன்றே ஒன்றுதான். மீன் இந்தப் பேச்சில் கடைசிவரையில் அகப்படாமலே போனாலும் போகலாம்.

நான் மீனவன் அல்லேன்; முப்பது வருஷ காலம் பஞ்சாலையில், வைண்டிங் பகுதியில், நூலோடு மன்றாடியவன். இயந்திரப் பயிற்சிக்காக இங்கிலாந்தில் யார்க்ஷயரைச் சேர்ந்த பிராட்ஃபோர்டு நகரத்துக்கு அனுப்பப்பட்டு அங்கே ஓராண்டு தங்க நேர்ந்தபோது, நான் குடியிருந்த வீட்டுக்காரக் கிழவர் சனிக்கிழமைதோறும் என்னையும் இழுத்துக்கொண்டு வார்ஃப் ஆற்றங்கரைக்குப் போவார். அவர் வீசிய கோல்களெல்லாம் அவர் தம் கையாலேயே கட்டியவை. கடையில் விற்கும் கோலை அவர் கடைக்கோல் என்று, நம் ஊர்ப் பாட்டிமார் கடைப்பொடியைச் சொல்லுகிற அதே அலட்சியத்தோடு சொல்லுவார். அவரிடம் நான் கற்றதைத்தான், பின்னாளில் நானாகக் கெடுத்துத் திருத்திக்கொண்ட அனுபவத்தோடு சேர்த்து, இங்கே சொல்ல வந்திருக்கிறேன்.

பஞ்சாலைக்காரனுக்குத் தூண்டிலில் என்ன வேலை என்று கேட்பீர்களாயின், நாம் இன்று பேசும் கோலில் மாட்டுகிற ரீல் பிறந்ததே ஆலைக்காரர் ஒருவரிடந்தான் என்பது என் விடை. பிராட்ஃபோர்டு, கம்பளி நூலுக்குப் பேர்போன ஊர். அவ்வூர் ஆலை முதலாளிகளுள் ஒருவரான ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த் என்பவர் 1905-ஆம் ஆண்டில் ஒரு புதுவகை ரீலுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்னிருந்த ரீல்களில், வீசிய இரையின் பாரம் நூலை இழுக்க, நூல் உருளையைச் சுழற்ற, உருளை சுழன்று மேலும் நூலை விட வேண்டும். ஆகவே இரை கனமாயிருந்தாலன்றி உருளை அசையாது. அசைந்த பின்போ, இரை நீரில் விழுந்த பிறகும் நில்லாமல் சுழன்று, நூலையெல்லாம் குருவிக் கூடாக்கிவிடும். இல்லிங்வொர்த் உருளையைச் சுழலவே விடவில்லை. நிலையாக நிற்கும் பாபினின் தலைப்புறமாக நூல் கழன்று வருவதை நாள்தோறும் பார்த்துப் பழகிய கண்ணாதலால், அவர் உருளையைக் கோலின் போக்கிலேயே முன்னோக்கிப் படுக்கவைத்து, அதன் விளிம்பைத் தாண்டி நூல் சுருள்சுருளாக வழுக்கிப் போகும்படி செய்தார். ஸ்காட்லாந்தில் பெர்த் நகரத்து பீட்டர் மாலக் என்பவர் 1884-லேயே, வீசும்போது உருளையைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளும் ரீல் ஒன்றைச் செய்திருந்தார் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் சுற்றும்போது அதைப் பழையபடி திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின், நம் கடற்கரையார் நரம்பு என்றும் தங்கூசி என்றும் வழங்குகிற நைலான் இழை மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான், இந்த அசையாத உருளை ரீல் உலகமெங்கும் பரவியது. இதற்குரிய கோலை ஸ்பின்னிங் கோல் என்கிறார்கள். அந்தப் பெயரும் ஆலையிலிருந்துதான் வந்தது என்று நான் வெகு நாள் நம்பிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அப்படியன்று, நீரில் சுழன்று சுழன்று வரும் பொய்யிரையைக் குறித்து எழுந்த பெயர் அது என்று கிழவர் சொல்லி என் பெருமையைக் குறைத்தார்.

நூல் சுருள்சுருளாக வழுக்கிப் போகும் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். வளையம் கட்டுவோனுடைய கஷ்டமெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள்தான் அடங்கியிருக்கிறது. 45 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருளையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 14 சென்டிமீட்டர் நூல் பிடிக்கும். 30 மீட்டர் தூரம் இரையை எறிந்தால், இருநூற்றுப் பத்துக்குக் குறையாத சுருள்கள் விளிம்பைத் தாண்ட வேண்டும். எறிந்த இரை நீரைத் தொடுவதற்கு இரண்டு விநாடி ஆகுமென்றால், விநாடிக்கு நூறு சுருள்கள் அந்த ரீலின் வாயிலிருந்து சுழன்றுகொண்டு புறப்படுகின்றன. இவ்வளவு வேகமாகச் சுழலும் நூல், காற்றில் குடம்போல் உப்பும். ஆலையில் கோன் என்னும் கூம்பு நூற்கண்டிலிருந்து நூல் கழலும்போதும் இதுவேதான் நிகழ்கிறது. அதற்கு நாங்கள் பலூன் என்று பெயர் வைத்திருக்கிறோம். கோனுக்கும் அதற்கு முன்னுள்ள நூல்வழிக் கண்ணுக்கும் உள்ள தூரத்தை மாற்றினால் பலூனின் வடிவமும் நூலின் இழுவிசையும் கூடவே மாறும் என்பது, எங்கள் பகுதியில் ஒரு மாதம் வேலை பார்த்த பையனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும், நான் கட்டிய முதற்கோலில் அந்த அறிவு என் கைக்கு எட்டவில்லை.

நடந்தது இதுதான். ஒரு சிறு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், இன்ன நீளக் கோலுக்கு இன்னின்ன தூரத்தில் வளையங்களைக் கட்டுக என்று அட்டவணை ஒன்று போட்டிருந்தார்கள். அதை வேதவாக்காகக் கொண்டு, நுனியிலிருந்து அளந்து, பட்டுப்போன்ற நூலால் சுற்றி, மேலே பிசினும் பூசி, கண்ணாடிபோல் மின்னும்படி கோலை முடித்துவிட்டேன். அதில் மாட்டிய ரீலோ பெரிய உருளை உடையது. முதல் வளையம் அதற்கு மிக அருகில் வந்து நின்றுவிட்டது. வீசிய மாத்திரத்தில், அகன்ற சுருள்கள் அந்தச் சிறு வளையத்தின் முகத்தில் மோதி, ஒன்றையொன்று நெருக்கி, ஈரத்துணியைக் கிழிப்பதுபோல் ஒரு சத்தத்தோடு தயங்கித் தயங்கி நுழைந்தன. கிழவருடைய இரை அக்கரைப் புதரடியில் போய் விழ, என் இரை ஆற்றின் நடுவிலேயே விழுந்தது. அவர் என் கோலை வாங்கி ஒரு தடவை வீசிப் பார்த்துவிட்டு, "இந்த அட்டவணை போட்டவர் உன் ரீலைப் பார்த்தாரா?" என்று மட்டும் கேட்டார்.

ஆகவே அட்டவணையை ஒருபுறம் வைத்துவிட்டு, கோலில் வளையங்கள் செய்கிற வேலை யாது என்பதிலிருந்து தொடங்குவோம். பேச்சின் வசதிக்காக மூன்று பெயர்களை நானே வைத்துக்கொள்கிறேன். இவை அகராதியில் இரா. ரீலுக்கு முன்னே முதலாவதாக நின்று சுருள்களை ஏந்திக்கொள்ளும் பெரிய வளையத்தை வாங்கு வளையம் என்போம். சுருள் முழுவதும் ஒடுங்கி, நூல் நேர்கோடாகத் தொடங்குகிற இடத்திலுள்ளதை அடக்கு வளையம் என்போம். அதற்கு அப்பால் நுனிவரையில் ஒரே அளவாய் நிற்கும் சிறியவை ஓடு வளையங்கள். கோலின் தலையில் குல்லாய்போல் செருகப்படுவது நுனிவளையம். அதற்கு இடம் தேட வேண்டிய அவசியமில்லை.

இவற்றுள் வாங்கு வளையம் முதல் அடக்கு வளையம் வரையில் உள்ளவை, இரை பறக்கும்போது ஓடுகிற நூலுக்கு ஊழியம் செய்பவை. அடக்கு வளையத்துக்கு அப்பால் உள்ளவை, மீன் அகப்பட்டுக் கோல் வளையும்போது அந்த வளைவுக்கு ஊழியம் செய்பவை. ஒரே கோலில் இப்படி இரண்டு எஜமானர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்காக இட்ட வளையத்தை மற்றவர் குறை சொல்லாமலிருக்கும்படி செய்வதற்குத்தான் இத்தனை பாடும்.

முதல் எஜமானரைக் கவனிப்போம். பழைய வழக்கம் என்னவென்றால், உருளையிலிருந்து கோலின் நுனிவரையில் ஒரு நீண்ட கூம்பை மனத்தில் கற்பித்துக்கொண்டு, 30, 20, 16, 12, 10, 8 என்று மில்லிமீட்டர்க் கணக்கில் சிறிது சிறிதாகக் குறுகும் வளையங்களை வரிசையாக அந்தக் கூம்புக்குள் நிறுத்துவது. பார்வைக்கு இது மிகவும் நியாயமாகத் தோன்றும். ஆயினும் கூம்பு நீள நீள, அதனுள் அலைந்துகொண்டு போகும் நூலின் நீளமும் அதிகமாகிறது. அலையும் நூல் கோலின் உடம்பில் அடித்துக்கொள்கிறது. நுனிப் பக்கத்திலும் பெரிய வளையங்கள் நிற்பதால் கோலின் தலை கனத்துப்போகிறது. ஜப்பானியக் கம்பெனியான ஃபூஜி இதற்கு மாறான ஒரு முறையைப் பரப்பியது. அதன்படி, உயர்ந்த கால்களை உடைய மூன்று வளையங்களைக் கொண்டே சுருளை விரைவில் ஒடுக்கி, பிறகு நுனிவரையில் மிகச் சிறிய, மிக இலேசான வளையங்களையே கட்டிக்கொண்டு போகலாம். கிழவர் கூம்புக் கட்சி. நான் கட்சி மாறியவன்.

இந்தப் புது முறையில் ரீலின் சாய்வுதான் ஆதாரம். அசையாத உருளை ரீல் கோலுக்குக் கீழே தொங்குகிறது. அதன் அச்சு கோலுக்கு முற்றும் சமாந்தரமாயிராமல், முன்பக்கம் சற்றே மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். அந்த அச்சை ஒரு நேரான குச்சியாக முன்னே நீட்டினால், அது எங்கேயோ ஓரிடத்தில் கோலை வந்து முட்டும். அந்த இடத்தை ஒட்டியே அடக்கு வளையம் நிற்க வேண்டும் என்பது கொள்கை. குச்சி வைத்துப் பார்க்க வசதியில்லாதவர்களிடையே ஒரு வாய்பாடும் வழங்குகிறது: உருளையின் முன்முகத்திலிருந்து, அதன் குறுக்களவைப்போல் 27 மடங்கு தூரம். நாம் சொன்ன 45 மில்லிமீட்டர் உருளைக்கு இது 121.5 சென்டிமீட்டர் ஆகிறது. 27 என்ற இந்த எண்ணில் ஏதோ மந்திரம் இருப்பதுபோல் சிலர் பேசுவார்கள். நான் அதை நட்சத்திரக் கணக்காக மதிப்பதில்லை. கடிகாரத்தை முதலில் ஒரு மணியில் வைத்துக்கொண்டு பிறகு திருத்துவதுபோல, தொடங்குவதற்கு ஓர் இடம் வேண்டுமல்லவா?

என் கையில் இருக்கும் இந்தக் கோலையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். நீளம் 7 அடி, அதாவது 213 சென்டிமீட்டர். அடியிலிருந்து உருளையின் முன்முகம்வரை 38 போக, உருளைக்கும் நுனிக்கும் இடையே 175 இருக்கிறது. அடக்கு வளையம் உருளையிலிருந்து 121.5-இல். வாங்கு வளையம் 53-இல். இரண்டுக்கும் நடுவே இரண்டு வளையங்கள், 83-இலும் 105-இலும். இடைவெளிகள் 30, 22, 16.5 என்று குறுகிக்கொண்டே வருவதைக் கவனியுங்கள். வளையங்களின் அளவும் 25, 16, 10, 6 என்று குறைகிறது. இந்த எண்கள் ஏறக்குறைய வெளிவட்டத்தின் குறுக்களவாதலால், உள்ளே நூல் போகும் துவாரம் இன்னும் சிறியது என்பதை மறந்துவிடக்கூடாது. பின்னல் நூலின் முனையில் நைலான் நரம்பை முடிச்சிட்டு வீசுகிறவர்கள், அந்த முடிச்சு நுழையாத அளவுக்குச் சிறிய வளையத்தைக் கட்டிவிட்டு, பிறகு எல்லார்மேலும் பழி போடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த நான்கு வளையங்களும் சரியாக அமைந்தனவா என்பதற்குக் கண்ணால் காணும் ஒரு பரீட்சை உண்டு. ரீலுக்குப் பின்னிருந்து கண்ணை ஒட்டிவைத்து முன்னே பாருங்கள். பெரிய கோயிலொன்றில் ராஜகோபுர வாயிலில் நின்றவனுக்கு, வாயிலுக்குள் வாயிலாய், நிலைக்குள் நிலையாய் எல்லாம் ஒன்றினுள் ஒன்று அடங்கி, கடைசியில் கருவறை விளக்கு ஒரு பொட்டாகத் தெரிகிறதல்லவா? அதைப்போல, ஒவ்வொரு வளையத்தின் மத்தியிலும் அடுத்தது அமைந்து, அடக்கு வளையம் ஒரு புள்ளியாகத் தெரிய வேண்டும். நடுவிலுள்ள ஒன்று மேலேறியோ கீழிறங்கியோ நின்றால், அதன் கால் உயரம் அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை என்று அறிந்து, அதை முன்னேயோ பின்னேயோ நகர்த்த வேண்டும்.

இனி இரண்டாவது எஜமானர். அடக்கு வளையத்துக்கும் நுனிக்கும் நடுவே 53.5 சென்டிமீட்டர் மிச்சமிருக்கிறது. இதில் நான்கு ஓடு வளையங்கள். ஆக, நுனிவளையம் நீங்கலாகக் கோலில் எட்டு. அடிக்கு ஒன்று, மேலும் ஒன்று என்று பழைய கைகள் சொல்லும் கணக்குக்கும் இது ஒத்து வருகிறது. நுனியிலிருந்து தொடங்கி 9.5, 10, 10.5, 11.3, 12.2 என்று இடைவெளிகள் மெல்ல வளர்கின்றன.

ஏன் நுனியில் நெருக்கமும் உள்ளே வர வர விசாலமும்? கோல் வளையும்போது நுனிப்பக்கமே அதிகமாக வளைகிறது. நூலோ இரண்டு வளையங்களுக்கு நடுவில் வளையாது, வில்லின் நாண்போல் நேராகவே நிற்கும். ஆகவே வளைவு அதிகமான இடத்தில் வளையங்கள் நெருங்கியிருந்தாலன்றி, நூல் கோலை விட்டு விலகி, நாணுக்கும் வில்லுக்கும் நடுவே இருப்பதுபோன்ற வெளி உண்டாகிவிடும். அப்படி விலகினால், பாரம் கோல் முழுவதிலும் பரவாமல், வளையம் உள்ள இடங்களில் மட்டும் குத்துகிறது. அங்கே நூலும் கூர்மையாக மடிந்து தேய்கிறது.

இதற்கு ஆட்சேபமாக ஒரு வாதத்தை அடிக்கடி கேட்கிறேன்: "வளையம் அதிகமானால் உராய்வு அதிகமாகுமே, ஆறு போதாதா?" புத்திசாலித்தனமாகத் தோன்றும் வாதம், நானும் ஒரு காலத்தில் இதை நம்பி, ஐந்தே வளையங்களோடு ஒரு கோல் கட்டி, அது வளைந்தபோது கயிற்றுக்கொடிபோல் நூல் எங்கேயோ தொங்கியதைப் பார்த்து வெட்கினேன். கட்டுத்தறியில் சுற்றிய கயிறு எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்பதற்கு ஆய்லர் என்னும் கணித மேதை கண்ட சூத்திரம், உராய்வு நூல் திரும்பும் மொத்தக் கோணத்தைப் பொறுத்தது என்று சொல்லுகிறது. கோல் மொத்தம் 90 பாகை வளைந்தால், நூல் ஆறு வளையங்களில் திரும்பினாலும் ஒன்பதில் திரும்பினாலும் கூட்டுத்தொகை அதே 90தான். ஆகையால் மீனை இழுக்கும்போது உள்ள உராய்வில் எண்ணிக்கை பெரிய மாறுதலை உண்டாக்காது. ஒரே இடத்தில் 20 பாகை மடிவதா, 10 பாகையாய் இரண்டிடத்தில் திரும்புவதா என்பதுதான் கேள்வி. நூலைக் கேட்டால் அது எதைச் சொல்லும் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் எண்ணிக்கைக்கு வேறொரு தண்டனை இருக்கிறது, அது பாரம். கோலை வீசுவது ஒரு சுழற்சியாதலால், கையிலிருந்து எவ்வளவு தூரத்தில் பாரம் இருக்கிறதோ, அந்தத் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அது கையை எதிர்க்கும். இந்தக் கோலில் கையிலிருந்து வாங்கு வளையம் ஏறத்தாழ 61 சென்டிமீட்டர், நுனி 183, மூன்று மடங்கு. ஆகவே நுனியில் ஏற்றிய ஒரு கிராம், வாங்கு வளையத்தில் ஏற்றிய ஒன்பது கிராமுக்குச் சமமாக வீச்சை மந்தப்படுத்தும். வளையத்தோடு, அதைச் சுற்றிய நூலும் மேலே பூசிய எபாக்சிப் பிசினும் சேர்ந்தே இந்தக் கணக்கில் வரும். நுனிப் பக்கத்தில் அலங்காரத்துக்காக இரட்டைச் சுற்றுச் சுற்றி, மேலே தடிப்பாகப் பிசின் வார்த்து அழகு பார்க்கிறவர்களைக் கண்டால், நகையின் கனத்தால் கழுத்துக் குனிந்த மணப்பெண்ணைக் கண்ட பரிதாபம் எனக்கு உண்டாகிறது.

கோலின் முதுகு என்ற ஒன்றைப்பற்றி யாராவது கேட்பீர்கள். கண்ணாடியிழைத் துணியையோ கார்பன் துணியையோ ஓர் இரும்புக் கம்பியின்மேல் சுருட்டிக் கோல் செய்வதால், துணியின் ஓரம் மேற்பொருந்தும் பக்கம் சற்று விறைப்பாயிருக்கும்; அதுவே முதுகு. அதைக் கண்டுபிடித்து அதற்குத் தக்கபடிதான் வளையங்களைக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் கோல் கையில் முறுக்கிக்கொள்ளும் என்பது பலருடைய அபிப்பிராயம். நான் அவ்வளவு தூரம் போவதில்லை. வளையங்கள் கோலுக்குக் கீழே இருந்தால், தொங்கும் பாரம் தராசுத் தட்டைப்போல் தானே கீழே நிற்கும். மேலே இருந்தால் கவிழப் பார்க்கும். முறுக்கிக்கொள்வதும் கொள்ளாததும் இதனாலேதான் பெரும்பாலும். கோல் கண்ணுக்கு நேராய்த் தெரிகிற பக்கத்தைத் தேர்ந்துகொண்டு நான் மேலே போய்விடுவேன்.

மேற்சொன்ன எண்களையெல்லாம் குறித்துக்கொண்ட அன்பர்களைப் பார்க்கிறேன். கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. இவை இந்தக் கோலுக்கும் இந்த ரீலுக்கும் உரிய எண்கள். நுனி மட்டும் வளைகிற விறைப்பான கோலுக்கும், அடிவரையில் வளைந்து கொடுக்கிற இளகிய கோலுக்கும் ஒரே இடைவெளி பொருந்துமென்று எண்ணினால், என் முதற்கோலின் கதிதான் உங்கள் கோலுக்கும். எண்களைக் கோலில் குறித்த பிறகு, நூலால் கட்டாமல், ஒட்டுநாடாவை மெல்லிய கீற்றாகக் கிழித்து, வளையங்களைத் தற்காலிகமாக ஒட்டுங்கள். நூலை எல்லாவற்றிலும் கோத்து, கோலின் கைப்பிடியை மேசையோடு இறுகப் பிடித்து, நூலின் முனையில் ஒரு தூக்கைக் கட்டி, அதில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வாருங்கள். கோல் வளைய வளைய, பக்கத்தில் நின்று பார்த்தால், நூல் எந்த இடைவெளியில் கோலை விட்டு அதிகமாக விலகுகிறது என்பது வெளிப்படையாகத் தெரியும். அங்கே இரண்டு பக்கத்து வளையங்களையும் அரை சென்டிமீட்டர் நெருக்குங்கள், அடுத்த இடைவெளி கெடும், அதையும் திருத்துங்கள். ஒன்றைத் தொட்டால் எல்லாம் அசையும். ஒரு மாலைப்பொழுது இதிலேயே போய்விடும், போகட்டும்.

மறுநாள் காலையில் புல்வெளிக்குப் போக வேண்டும். முள் இல்லாத ஈயக்குண்டு ஒன்றைக் கட்டி, பத்துத் தடவை வீசி, தூரத்தை அடியால் அளந்து குறித்துக்கொண்டு, வாங்கு வளையத்தை மட்டும் இரண்டு சென்டிமீட்டர் முன்னே தள்ளி மறுபடி பத்துத் தடவை வீசுங்கள். பிறகு பின்னே தள்ளி இன்னொரு பத்து. காதையும் தீட்டிக்கொள்ள வேண்டும். மிக அருகிலிருந்தால் துணி கிழியும் சத்தம். மிகத் தூரத்திலிருந்தால் நூல் கோலில் தட்டித் தட்டிப் போகும் சத்தம். சரியான ஸ்தானத்தில் காற்று சீறுவதுபோல் ஒரே சீரான ஒலி. நண்பரொருவர் பக்கத்தில் நின்று, கறுத்த பின்புலத்துக்கு முன்னே நூலைப் பார்த்தால், பலூன் எங்கே உப்புகிறது, எங்கே ஒடுங்குகிறது என்பதையும் கண்டு சொல்லுவார். காற்று மாறினால் கணக்கும் மாறிப்போகுமாதலால், மூன்று பத்தையும் ஒரே காலையில் முடித்துவிடுவது நல்லது.

அதற்குப் பிறகே கட்டுவேலை. வளையத்தின் காலை அரத்தால் ராவி, நூல் படியேறுவதற்குச் சறுக்கலாக்கி, மெல்லிய நைலான் நூலை இழைக்கு இழை இடைவெளியில்லாமல் நெருக்கிச் சுற்றுவது. பிசின் பூசிய பின், அது ஒரு பக்கமாக வழிந்து திரண்டுவிடாமலிருக்க, கோலை மெதுவாகச் சுழலும் மோட்டாரில் மாட்டிப் பல மணிநேரம் உலரவிடுவது: இவை கைப்பழக்கம். எங்கள் ஆலைப் பெண்கள் என்னைவிட இதை அழகாகச் செய்வார்கள்.

மேசையின்மேல் இருக்கும் இந்தக் கோலை, கூட்டம் கலைந்ததும் பின்புறத் தோட்டத்துக்கு எடுத்து வருகிறேன், ஈயக்குண்டும் கொண்டுவந்திருக்கிறேன், விருப்பமுள்ளவர்கள் வீசிப் பார்க்கலாம். 105-இல் நிற்கும் மூன்றாவது வளையத்தை மட்டும் கைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றவை எல்லாம் நூலால் கட்டியாகிவிட்டன. அது இன்னும் ஒட்டுநாடாவில்தான் இருக்கிறது. நேற்றுக் காலையில் அதை ஒரு விரற்கடை பின்னே தள்ளியபோது ஒலி இன்னும் சீராக வந்ததுபோல் எனக்குத் தோன்றியது.